உங்கள் அம்மா ரயிலை நிறுத்திய கதை

1

கோமதி, உன் கடுதாசி போன செவ்வாய்க்கிழமைக் கப்பல் தபாலில் வந்து சேர்ந்தது. எழுத்து முன்னைக்கு இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் முக்கால் பக்கம் வாத்தியார் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது மாதிரி இருந்தது. "தேவரீர் க்ஷேமத்துக்கு அடிக்கடி எழுதக் கோருகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு தேவரீர் எல்லாம் வேண்டாம் அம்மா. அப்பா என்றே எழுது.

அதற்குக் கீழே, உன் சொந்தக் கையால் எழுதினது என்று பார்த்தவுடனே தெரிகிற மாதிரி, ஒரு வரி இருந்தது. பெரிய லீவுக்கு அம்மா கோலாலம்பூர் போகலாம் என்கிறாள், அங்கே எனக்கு யாரையும் தெரியாதே, வந்து என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அந்த வரியை நாலைந்து தரம் படித்தேன். கோபம் இல்லை. நீ இந்த ஊரை விட்டுப் போனபோது உனக்கு மூன்றரை வயசு. தம்பி கைக்குழந்தை. ரப்பர் விலை விழுந்து, ரயில்வேயிலும் ஆளைக் குறைத்த காலம் அது. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் உங்களைக் கப்பல் ஏற்றினேன். கொஞ்ச நாள் ஆறு வருஷமாகிவிட்டது. உனக்கு இங்கே யாரைத் தெரியும்? என்னையே புகைப்படத்தில்தான் தெரியும்.

காகிதத்தின் ஓரத்தில் சுந்தரம் பென்சிலால் கிறுக்கியிருந்தான். "அப்பா, அம்மா ஒரு தடவை ரயிலை நிறுத்திச்சாமே. வேளாங்கண்ணிக்கு வந்த ஞானம்மா பெரியம்மா நம்ம வீட்டுக்கு வந்து சொன்னாங்க. அம்மாவைக் கேட்டா அடிக்க வருது. நிஜமா?"

நிஜம்தான் சுந்தரம். சாமான் வண்டி, நாற்பது பெட்டி. உங்கள் அம்மா ஒற்றைக் கையால் நிறுத்தினாள். அவள் சொல்ல மாட்டாள், நான் சொல்கிறேன். நான் படித்தது நாலாவது வரைக்கும்தான். முன்னே பின்னே இருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். அம்மா அடிக்க வந்தால் அப்பா எழுதினது என்று சொல்லிவிடுங்கள்.

2

முதலில் பிரிக்ஃபீல்ட்ஸில், கோலாலம்பூரில் ரயில்வேக்காரர்கள் இருக்கிற அந்தப் பகுதியில், ராத்திரி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். பெரிய வெள்ளம் வந்து வடிந்த மறு வருஷம் அது. நான் பாயிண்ட்ஸ்மேன் வேலையில் இருந்தேன். வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கம்பியைத் தள்ளிவிடுகிற வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ரயில்வே லயனில் மொத்தம் பன்னிரண்டு வீடு, எல்லாம் பலகைச் சுவர். அதில் ஐந்தாவது வீடு லீவில் ஊருக்குப் போன ஒருவருடையது. நான் நிரந்தரம் ஆனதும் அது எனக்கென்று ஆகும், அதுவரைக்கும் சும்மா இருந்துகொள் என்று விட்டிருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் உங்கள் அம்மாவை வரவழைத்தேன். நிரந்தரம் ஆகாதவனுக்குக் குடும்பத்தோடு இருக்க வீடு கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதில்தான் நிற்கிறது.

சனிக்கிழமை பட்டறைச் சங்கு ஊதினால் போதும், அந்த ஊர் வேறு ஊராகிவிடும். கறுப்பாய்ப் போனவர்கள் எல்லாம் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளை வேட்டியில் வருவார்கள். கச்சாங் பூத்தே விற்கிறவர் தலையில் தட்டோடு வருவார். அது ஒன்றுமில்லை, வறுத்த கடலையும் பட்டாணியும்தான். திருநெல்வேலிச் சீமைக்காரர், ஆனால் மலாயில்தான் கூவுவார். சீனன் ஐஸைச் சீவி உருண்டை பிடித்து, மேலே சிவப்பாகச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கொடுப்பான். பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் முழங்கை வரைக்கும் பாகு வழிய அதை உறிஞ்சிக்கொண்டு நிற்பார்கள். உங்கள் அம்மா முதல் தடவை சாப்பிட்டபோது பல் கூசி, "இதைத் தின்னவா கடல் தாண்டி வந்தேன்" என்றாள். அடுத்த சனிக்கிழமை அவளே முதலில் போய் நின்றாள்.

ராத்திரியில் சீட்டாட்டம் இருக்கும். காசு வைத்து இல்லை. தோற்றவன் அடுத்த வாரம் முழுக்க லயனில் எல்லார் வீட்டு விளக்குக் கண்ணாடியையும் துடைக்க வேண்டும். நான்தான் அதிகம் துடைத்தவன். எதிர் மூலை வீட்டில் டிரைவர் அருளப்பன் இருந்தார். சாமான் வண்டி ஓட்டுகிறவர். ஞானம்மா பெரியம்மாவின் புருஷன். துரை கோபித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று நடித்துக் காட்டுவார் பாருங்கள், சீட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்போம். ஒருநாள் துரையே வழியோடு போய்க்கொண்டிருந்து, நின்று, தன்னைத்தான் நடிக்கிறார்கள் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

3

இப்போது விளக்கு. அது தெரியாமல் கதை புரியாது.

எங்கள் கையில் பிடிக்கிற விளக்கு ஒன்று உண்டு. உள்ளே எண்ணெய்த் திரி எரியும். மேல்மூடியைத் திருகினால் கண்ணாடி மாறும். வெள்ளை, பச்சை, சிவப்பு. வேலை முடிந்ததும் விளக்கறையில் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது சட்டம். ஆனால் விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் இருட்டில் தண்டவாளம் தாண்டிப் போக வேண்டுமே, அதனால் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவோம். யாரும் கேட்டதில்லை.

கொண்டுவந்த விளக்கைச் சும்மா வைப்பானேன் என்று யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள். நான் வருமுன்பே அந்த வழக்கம் இருந்தது. ஜன்னலில் பச்சை எரிந்தால் ஆள் இருக்கிறோம், வரலாம், இஞ்சித் தண்ணி கொதிக்கிறது என்று அர்த்தம். சிவப்பு என்றால் இப்போது வேண்டாம். குழந்தை தூங்கும், இல்லை புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதாவது இருக்கும். சிவப்பை எடுத்து ஆட்டினால், கொஞ்சம் பொறு, வந்துவிடுகிறேன். கதவைத் தட்டி யாரும் யாரையும் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. தூரத்தில் இருந்தே பேசிக்கொள்ளலாம்.

உங்கள் அம்மா வந்த ஒரு வாரத்தில் இதைக் கற்றுக்கொண்டாள். மலாயில் ஒரு வார்த்தை வாயில் நுழையவில்லை, இது நுழைந்துவிட்டது. "சண்டைன்னா எவ்வளவு நேரம் சிவப்பு வைக்கலாம்?" என்று ஞானம்மாவிடம் கேட்டாளாம். "எண்ணெய் தீர்ற வரைக்கும் வைக்கலாம், அதுக்குள்ள தீர்ந்துடும்" என்று பதில் வந்ததாம்.

வண்டிக்காரனுக்கும் அதே விளக்கு, அதே நிறம் என்பது எங்களுக்கு மறந்தே போயிருந்தது. நாள் முழுக்க அதையே பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்கே மறந்திருந்தது. அவளைச் சொல்லி என்ன?

4

அந்த வாரம் ஊருக்குள் பங்சாவான் வந்திருந்தது. மலாய்க்காரர் நாடகம். கூடாரம் போட்டு, காஸ் விளக்கு வைத்து, பாரசீகத்து ராஜா, தேவதை, பூதம் எல்லாம் வரும். நடுவில் ஒரு கோமாளி வந்து அன்றைய ஊர் வம்பையெல்லாம் பேசிவிட்டுப் போவான். லயனில் நாலு வீட்டார் சேர்ந்து போனோம். அருளப்பன் வண்டியோடு துறைமுகத்துக்குப் போயிருந்தார். ஞானம்மாவின் பிள்ளைகள் இரண்டுக்கும் கக்குவான், அவளால் வர முடியவில்லை. கிளம்பும்போது உங்கள் அம்மாவைப் பிடித்துக்கொண்டு, "கதையை ஒண்ணு விடாம வந்து சொல்லணும். நீ வர்ற வரைக்கும் நான் பச்சையை எடுக்க மாட்டேன், ஆமா" என்றாள்.

நாடகத்தில் உங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் கோமாளி வாயைத் திறக்குமுன்பே சிரித்தாள். "உனக்கு என்ன புரிஞ்சுது?" என்று கேட்டேன். "அந்த மூஞ்சிக்குப் பேச்சு வேறயா வேணும்?" என்றாள். முன்வரிசையில் இருந்த ஒரு மலாய் அம்மா இவள் சிரிப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தன் பொட்டலத்துக் கடலையில் பாதியை இவளுக்குக் கொடுத்தாள்.

திரும்பும்போது நடுச்சாமம் தாண்டிவிட்டது. புதர்ப் பாதை. விளக்கு என்னுடையது. புதுப் பெண்டாட்டிக்குப் பெருமை காட்ட அதை அவள் கையில் கொடுத்திருந்தேன். இது நான் செய்த முதல் தப்பு. பெண்கள் முன்னால் போனார்கள். நாங்கள் பின்னால் கோமாளி பாடின பாட்டைத் தப்பும் தவறுமாகக் கத்திக்கொண்டு போனோம். எவ்வளவு கத்தினோம் என்றால், வளைவுக்கு அந்தப் பக்கம் வந்த வண்டிச் சத்தம் ரயில்வேக்காரர்கள் நாலு பேர் காதிலும் விழவில்லை.

தண்டவாளத்தைத் தாண்டினால் லயன். உங்கள் அம்மா தண்டவாளத்து ஓரம் வந்து நின்று பார்த்தாள். அருளப்பன் வீட்டு ஜன்னலில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. பார்க்கும்போதே அது அசைந்தது. ஞானம்மா தூக்கம் தாங்காமல் விளக்கை எடுக்கிறாள். ராஜா கதை, தேவதை கதை, கோமாளி கதை எல்லாம் இவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. "அக்கா, பொறுங்க!" என்று கத்தினாள். அவ்வளவு தூரம் கேட்காது. சடக்கென்று மூடியைத் திருகிச் சிவப்பாக்கி, தலைக்கு மேலே தூக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

பெண்டாட்டிக்குக் காட்டினதைப் புருஷன் பார்த்துவிட்டார்.

வளைவில் இருந்து வந்த எஞ்சின் கிறீச்சென்று அலறிக்கொண்டு நின்றது. பின்னால் பெட்டி ஒவ்வொன்றாக மோதி டடார் டடார் என்று சத்தம் கடைசி வரைக்கும் போயிற்று. எஞ்சினில் இருந்து அருளப்பன் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"யாரது? என்ன ஆச்சு? பாலம் போயிடுச்சா?"

வெள்ளத்துக்குப் பிறகு எல்லாருக்கும் பாலத்து ஞாபகம்தான்.  உங்கள் அம்மாதான் சொன்னாள். கையில் இன்னும் சிவப்பு எரிகிறது.

"ஒண்ணுமில்ல அண்ணே. அக்கா தூங்கப் போயிட்டாங்க. பொறுக்கச் சொன்னேன்."

"எந்த அக்கா?"

"உங்க வீட்டு அக்காதான்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். பின்னால் நீண்டு கிடக்கிற வண்டியைப் பார்த்தார். "என் பொண்டாட்டிய நிறுத்துறதுக்கு நாப்பது பெட்டிய நிறுத்துனியா தாயி?" என்றார்.

அதற்குள் கடைசிப் பெட்டியில் இருந்து கார்டு விளக்கோடு இறங்கி, "ஆப்பா ஹால்?" என்று கூப்பிட்டார். மலாய்க்காரர். என்ன விஷயம் என்று கேட்கிறார். அருளப்பன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. திரும்பி, "கெர்பாவ்! சூடா லாரி!" என்று கத்தினார். எருமை, ஓடிப்போச்சு என்று அர்த்தம். கார்டு அதை அங்கேயே தன் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"வெளக்கை மாத்து தாயி, நான் போகணும்."

"பச்சை காட்டட்டுமா அண்ணே?"

"காட்டு, காட்டு. அதையும் நீயே காட்டிடு."

உங்கள் அம்மா பச்சை காட்டினாள். வண்டி கிளம்பிப் போயிற்று. அதனால் சுந்தரம், அவள் ரயிலை நிறுத்தினாள் என்பது பாதிதான். அனுப்பியும் வைத்தாள்.

ஞானம்மா வீட்டில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் கக்குவான் பிள்ளைகள் எழுந்துவிட்டன. ஞானம்மா மட்டும் ஒன்றும் புரியாமல், "நான் சிவப்பைப் பார்த்தேனே, பொறுத்துக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நிரந்தரத்துக்கு இன்னும் ஐந்து மாசம். வேலையில் இல்லாதபோது விளக்கை வெளியே கொண்டுபோய், அதுவும் இன்னொருவர் கையில் கொடுத்து, வண்டியை நிறுத்தியிருக்கிறேன். தெரிந்தால் நிரந்தரம் போகும். நிரந்தரம் போனால் வீடு போகும். வீடு போனால் உங்கள் அம்மா திரும்பக் கப்பல் ஏற வேண்டும்.

5

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பேசுவார்.

"இஞ்ச வாரும். நீர்தானே அந்த லைன் பக்கம் இருக்கிறது? போன கிழமை சாமான் வண்டியை ஒரு எருமை மறிச்சுப்போட்டுதாம். ஒன்பது நிமிஷம் சுணக்கம். ஆற்றை எருமை எண்டு பாத்துக்கொண்டு வாரும்." யாருடைய எருமை என்று கேட்கிறார்.

"எருமையைப் பார்க்கணுங்களா?"

"எருமையைப் பாத்து என்ன செய்யிறது? எருமைக்காரனைப் பாரும். ரயில்வே நிலத்திலே கொட்டில் போட்டிருந்தால் பிரிக்கச் சொல்லி மேலே இருந்து எழுதியிருக்கினம்."

இல்லாத எருமையைத் தேட என்னையே அனுப்பினார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எருமை வைத்திருந்தவர் ஒருவர்தான். பால்கார மாடசாமி. ராமநாதபுரத்துப் பக்கம். மூன்று எருமை. லயன் முழுக்க அவர் பால்தான். கோமதி, அப்போது நீ உங்கள் அம்மா வயிற்றில் இருந்தாய். அதைத் தெரிந்துகொண்டு மாடசாமி தினம் அளந்து ஊற்றின பிறகு, கேட்காமலே மேலே இன்னொரு கை ஊற்றிவிட்டுப் போவார்.

போய் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். "எருமைக்குப் பகல்லயே நடக்க வணங்காது அண்ணே. ராத்திரியில ரயிலை மறிக்கப் போச்சாக்கும்?" என்றார். நான் சிரிக்கவில்லை என்றதும் அவர் முகம் மாறியது.

"காகிதத்துல எருமைன்னே போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"மூணையும் நான்தான் கட்டினேன். விடிஞ்சு பார்த்தப்பவும் கட்டித்தான் கிடந்துச்சு." கட்டியிருந்த எருமைகள் பக்கம் திரும்பினார். "ஆனா கவர்மெண்டுக் காகிதம் பாருங்க. பார்க்காமயா எழுதுவாங்க? மூளியாத்தான் இருக்கும். அது ஒண்ணுதான் கயித்தை அத்துக்கிட்டு நிக்கும்."

மூளி என்பது காது அறுந்த எருமை. தன் கண்ணால் பார்த்ததைவிட அந்தக் காகிதத்தை அவர் நம்பினார் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் மூளியின் கழுத்தில் இரட்டைக் கயிறு. இறுக்கிக் கட்டிக் கழுத்து புண்ணாகியிருந்தது. கொட்டகையின் கூரை ஓலையை மாடசாமி தானே பிரிக்க ஆரம்பித்திருந்தார்.

அன்று சாயங்காலம் பால் வந்தபோது உங்கள் அம்மா செம்பை நீட்டவில்லை. "இன்னைக்கு வேண்டாம் அண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

"நான் காட்டினேன்னு போய்ச் சொல்லுங்க" என்றாள் என்னிடம்.

"விளக்கு உன் கைக்கு எப்படி வந்ததுன்னு கேப்பாங்க."

"நீங்க குடுத்து வந்தது. அதைச் சொல்லுங்க."

"நிரந்தரம் போயிடும். வீடு போயிடும். நீ ஊருக்குப் போகணும். பிள்ளை பிறக்கறப்போ நான் இங்க இருப்பேன், நீ அங்க இருப்பே."

அவள் அடுப்பில் இருந்த சோறு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள். "ஏறச் சொன்னா ஏறுறேன்" என்றாள். "மூளி கழுத்துல புண்ணோட நிக்குது. தினம் அதைத் தாண்டித்தானே தண்ணிக்குப் போறேன்?"

நான் அருளப்பனிடம் போனேன். அவரைக் கேட்காமல் சொல்வது சரியில்லை. அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு வாய் கொப்பளித்தார்.

"ஒன்னைக் காப்பாத்தத்தானடா சொன்னேன். இப்ப என்னைக் கொண்டுபோய் நிறுத்தப் போறியா?"

"உங்க பேரை எடுக்க மாட்டேன் அண்ணே."

"என் பேரை எடுக்கலேன்னா எருமைன்னு எஞ்சின் சொல்லுச்சா?"

கதவைச் சாத்திவிட்டார். அன்று ராத்திரி அவர் வீட்டு ஜன்னலில், எங்கள் வீட்டைப் பார்த்தபடி, சிவப்பு எரிந்தது. எண்ணெய் தீரும் வரைக்கும் எரிந்தது.

6

மறுநாள் காலையில் கிராணி முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, எருமை இல்லைங்க."

"எருமை இல்லாட்டி? பசுவோ?"

"மாடே இல்லைங்க. என் விளக்கு. சிவப்புக் காட்டிட்டோம். தெரியாம நடந்தது."

பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடி நெற்றிக்குப் போயிற்று. "டிரைவர் எருமை எண்டெல்லோ சொன்னவன்?"

"இருட்டில அவருக்கு அப்படித் தெரிஞ்சிருக்குங்க."

"சிவப்பு வெளிச்சம் எருமை மாதிரித் தெரிஞ்சுதாமோ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் முழுசாக உண்மை சொல்லவில்லை. பாதி சொன்னேன், பாதியை விழுங்கினேன். அருளப்பனுக்காக என்று அப்போது நினைத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதில் எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியாது. உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

"உம்மட நிரந்தரம் போகும், தெரியுமோ?" என்றார் கிராணி.

"தெரியுங்க."

"பெஞ்சாதி வந்து நாலு மாசம்கூட இல்லையே."

"அவதாங்க சொல்லச் சொன்னா."

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்.

மாடசாமியின் கொட்டகை தப்பியது. பிரித்த ஓலையைத் திரும்ப வேய நானும் போனேன். "அப்ப மூளி இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எருமையின் கழுத்துக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே அதனிடம் ஏதோ சொன்னார். மன்னிப்புத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அருளப்பனை ஒரு தடவை கூப்பிட்டுக் கண்டித்து விட்டுவிட்டார்கள். என் நிரந்தரத்தை ஒரு வருஷம் தள்ளிப் போட்டார்கள். அதோடு ஒரு புது உத்தரவும் வந்தது. இனிமேல் ஒரு விளக்குகூட வீட்டுக்குப் போகக் கூடாது. தினம் விளக்கறையில் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி லயனைப் பார்த்தேன். பன்னிரண்டு ஜன்னலிலும் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. யார் வீட்டுக்கு எப்போது போகலாம் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். குழாயடியில் ஒருவர் என் காதுபடவே சொன்னார், "ஒத்த ஆளு யோக்கியன் ஆனாரு, பன்னெண்டு வீடு இருட்டாச்சு" என்று. சீட்டாடுகிற இடத்துக்குப் போனால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வந்தது.

உங்கள் அம்மா இரண்டு நாள் இதைப் பார்த்தாள். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்து, கப்பல் ஏறும்போது ஊரில் உங்கள் சொந்தப் பெரியம்மா கொடுத்த பச்சை ரவிக்கைத் துணியை எடுத்தாள். அதைத் தைக்கக்கூட இல்லை. ஜன்னல் கம்பியில் இரண்டு முனையையும் கட்டி, பின்னால் வீட்டு மண்ணெண்ணெய் விளக்கை வைத்தாள். இஞ்சி தட்டிப் போட்டுத் தண்ணி கொதிக்க வைத்தாள்.

யாரும் வரவில்லை. மறுநாளும் வைத்தாள். வரவில்லை. அதற்கு மறுநாள் மழை. "விடு, யார் வரப்போறாங்க" என்றேன். "பச்சை வைக்கிறது நம்ம வேலை" என்றாள். தினம் ஒரு சட்டி இஞ்சித் தண்ணியை நாங்கள் இரண்டு பேருமே குடித்தோம். இன்றைக்கும் இஞ்சி வாசனை வந்தால் எனக்கு அந்த வாரம்தான் ஞாபகம் வரும்.

ஐந்தாம் நாள் ராத்திரி வாசலில் காலடிச் சத்தம். ஞானம்மா கையில் மூடின கிண்ணத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் இருட்டில், கக்கத்தில் சீட்டுக்கட்டை இடுக்கிக்கொண்டு அருளப்பன்.

"பச்சை எரியுதே, உள்ள வரலாமா?" என்றார். "இல்ல, இதுக்கும் எருமைன்னு எழுதிக் குடுக்கணுமா?"

உங்கள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டம்ளர் எடுக்க உள்ளே போனாள்.

அன்றைக்கும் சீட்டில் நான்தான் தோற்றேன். துடைக்க விளக்கு இல்லையே என்றார்கள். ஒரு மாசத்துக்குள் லயன் முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் துணி வந்துவிட்டது. பழைய சேலைக் கிழிசல், மிட்டாய்ப் பெட்டியில் வந்த வண்ணக் காகிதம், ஒருவர் வீட்டில் தலையணை உறை. எங்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லி மேலே இருந்து ஒரு காகிதம் வரும், வந்தால் தருகிறேன் என்று கிராணி சொல்லியிருந்தார். எருமையைத் தேட அத்தனை சீக்கிரம் வந்த காகிதம், இதற்கு வரவேயில்லை. ஒவ்வொரு மாசமும் பயந்துகொண்டே இருந்தோம். ஒரு வருஷம் போய் நான் நிரந்தரமும் ஆகிவிட்டேன். அதற்குள் நீயும் பிறந்து தவழ ஆரம்பித்துவிட்டாய். அந்தக் காகிதம் வழியில் எங்கே நின்றதோ. யார் சிவப்புக் காட்டினார்களோ.

7

இப்போது லயனில் மின்சார விளக்கு வந்துவிட்டது. ஊருக்குள் புதிதாக ஒரு கேளிக்கைப் பூங்கா வைத்திருக்கிறார்கள். ஒரே வாசலில் நுழைந்தால் பேசும் படம், ஆட்டம், குறிபார்த்துச் சுடுகிற கடை எல்லாம் உள்ளேயே இருக்கிறது. இளவட்டங்கள் எல்லாம் சனிக்கிழமை அங்கேதான். நானும் அருளப்பனும் ஒருநாள் போனோம். நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அருளப்பன் சுட்டு ஒரு சோப்பு ஜெயித்தார். ஆனால் திரும்பி வரும்போது இரண்டு பேரும் லயன் ஜன்னல்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தோம். எல்லாம் வெள்ளை வெளிச்சம். யார் வீட்டுக்குள் போகலாம் என்று ஒன்றும் தெரியவில்லை. அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்தோம்.

நீங்கள் கப்பல் ஏறின அன்று காலையில் உங்கள் அம்மா ஜன்னலில் இருந்து அந்தத் துணியை அவிழ்த்து, துவைத்து, மடித்து என் கையில் கொடுத்தாள். "நாங்க வர்ற அன்னைக்குக் கட்டுங்க, அதுவரைக்கும் எடுக்காதீங்க" என்றாள். ஆறு வருஷமாக என் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. மடிப்பு இருந்த இடத்தில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மற்றபடி நல்ல பச்சைதான்.

கோமதி, வருவதும் வராததும் நீயும் அம்மாவும் பேசிச் சொல்லுங்கள். நான் கட்டாயப்படுத்தவில்லை. வருவதாக இருந்தால் இதை மட்டும் கேட்டுக்கொள். துறைமுகத்தில் இருந்து சாயங்கால வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கிள்ளான் தாண்டினதும் தூங்கிவிடாதே. வலது பக்க ஜன்னலில் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார். கடைசி வளைவு திரும்பினதும் வண்டி மெதுவாகும், பன்னிரண்டு ஜன்னல் வரிசையாக வரும். ஐந்தாவதைப் பார். நான் ஸ்டேஷனில் நிற்பேன். ஜன்னலுக்கு ஞானம்மா பெரியம்மா பொறுப்பு, அவள் அடுத்த மாசமே திரும்பிவிடுவாள். இஞ்சித் தண்ணியும் அவள் பொறுப்பு. யாரையும் தெரியாது என்று எழுதியிருந்தாய். அந்தப் பச்சை தெரிந்தால் போதும் அம்மா, உள்ளே இருக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியும்.

சுந்தரம், உனக்கு ஒரு வேலை. அன்றைக்கு அம்மாவைச் சிவப்புச் சேலை கட்டாமல் பார்த்துக்கொள். அந்த ஜன்னலைப் பார்த்ததும் அவள் முந்தானையை எடுத்து வெளியே ஆட்டினாலும் ஆட்டுவாள். இப்போது அந்த லைனில் வண்டி ஓட்டுகிறவன் புதுப் பையன். அவனுக்கு எருமை என்று சொல்லத் தெரியாது.